ஒரு பகலும் ஓர் இரவும்

மருத்துவரின் அறையில் அமர்கின்றோம். கையில் பட்டை சுற்றப்படுகின்றது. காற்று ஏறுகின்றது, இறங்குகின்றது. "நூற்று அறுபதுக்கு நூறு" என்கிறார் மருத்துவர். அன்றுமுதல் அந்தக் குடும்பத்தின் உணவும் உறக்கமும் மாதச் செலவும் மாறிவிடுகின்றன. ஆனால், அந்த ஒரு நிமிடத்து எண்ணைக் கொண்டு ஒருவரை வாழ்நாள் நோயாளி என்று முடிவு செய்துவிடலாமா?

இரத்த அழுத்தம் கல்லில் பொறித்த எண் அன்று. மாடிப்படி ஏறினால் உயரும், சினங்கொண்டால் உயரும், அயர்ந்து உறங்கினால் தாழும். கைப்பட்டையால் அதனை அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896ஆம் ஆண்டில் வகுத்தார். பட்டைக்குக் கீழே நாடியில் எழும் ஒலியைக் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் அறியும் வழியை 1905இல் இரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காட்டினார். நல்ல முறைதான், ஆயினும் அது ஒரு கணத்தை மட்டுமே காட்டுகின்றது.

மருத்துவரைக் கண்டதும்

அந்தக் கணத்தில் மருத்துவர் அருகில் நிற்பதே அளவை மாற்றிவிடக்கூடும். இதனை மிலான் நகர ஆய்வாளர் மான்சியாவும் அவருடைய துணைவர்களும் 1983இல் எண்பித்தனர். அவர்கள் 48 பேரின் தமனிக்குள் நுண்குழாய் செலுத்தி, அழுத்தத்தை இடையறாது பதிவு செய்தனர். மருத்துவர் படுக்கையருகே வந்த சில நிமிடங்களிலேயே மேல் எண் சராசரியாக ஏறத்தாழ 27 அலகும், கீழ் எண் ஏறத்தாழ 15 அலகும் உயர்ந்தன!

வீட்டில் இயல்பாகவும் மருத்துவரின் முன்னிலையில் மிகுதியாகவும் இருக்கும் இந்நிலையை 'வெள்ளை அங்கி இரத்த அழுத்தம்' என்பர். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மருத்துவரிடம் சீராகக் காணப்படும் அழுத்தம், வேலையிலும் வீட்டிலும் ஏறி நிற்கும். இதனை 'மறைந்திருக்கும் இரத்த அழுத்தம்' என்பர். முன்னவர் தேவையற்ற மாத்திரையை விழுங்க நேரிடலாம். பின்னவரோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்ற பொய்யான நிம்மதியில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் நோக்கி நடக்கின்றார். இருவருள் பின்னவர் நிலையே அஞ்சத்தக்கது.

உடன் வரும் கருவி

இவ்விரு தவறுகளையும் தவிர்க்க உதவுவதே 24 மணி நேர இரத்த அழுத்தக் கண்காணிப்பு. கைப்பட்டையோடு இணைந்த சிறு கருவி இடுப்பில் பொருத்தப்படும். பகலில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும், இரவில் சற்று நீண்ட இடைவெளியிலும் அது தானாகவே அளந்து பதிவு செய்யும். அன்றாட வேலைகளைச் செய்யலாம். பட்டை இறுகும்போது மட்டும் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். குளிப்பதைத் தள்ளிவைக்க வேண்டும். உறங்கிய நேரம், எழுந்த நேரம், மருந்துண்ட நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நன்று.

மருத்துவரின் அறையில் 140க்கு 90 என்பது எல்லை. இக்கருவியின் பகல்நேரச் சராசரிக்கு 135க்கு 85 என்பதும், முழுநாள் சராசரிக்கு 130க்கு 80 என்பதும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. மருத்துவரிடம் மிகுதியாகக் காணும் அழுத்தத்தை இவ்வாறு உறுதி செய்துகொள்ளுமாறு இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டு நெறி 2011இலேயே பரிந்துரைத்தது.

இரவு சொல்லும் சேதி

உறக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு தணிவது இயல்பு. சிலருக்கு அவ்வாறு தணிவதில்லை. இத்தகையோரிடையே பக்கவாதம் கண்டவர்கள் மிகுதி என்று டப்ளின் நகர ஆய்வாளர் ஒபிரையன் குழுவினர் 1988இல் எடுத்துரைத்தனர். சிறுநீரக நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவை இதன் பின்னே ஒளிந்திருக்கலாம். வேறு எந்த அளவீடு உறங்குகின்றவரின் நிலையை இவ்வளவு எளிதாகக் காட்டும்?

மருந்துண்போருக்கும் இது பயன்படும். காலையில் உண்ட மாத்திரை மறுநாள் விடியும்வரை காக்கின்றதா, முதியவர்க்கு அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து தலைச்சுற்றல் உண்டாகின்றதா என்பதையெல்லாம் மருத்துவர் அறிந்துகொள்ளலாம்.

இக்கருவி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கையின் மேற்பகுதியில் அளக்கும் நம்பகமான கருவியைக் கொண்டு, வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் அளக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கும் சராசரி 135க்கு 85 என்பதே எல்லை.

ஒன்றை மறவாதீர்கள். "எனக்கு வெள்ளை அங்கிக் கோளாறுதான்" என்று தாமே முடிவு செய்து மருந்தை நிறுத்துவது பேராபத்து. அந்நிலை உறுதியானாலும் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும்; பின்னர் அதுவே உண்மை நோயாக மாறுவதுண்டு. அழுத்தம் 180க்கு 120 அளவில் இருந்து, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ கண்டால், கண்காணிப்புக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவரின் கையில் பட்டை சுற்றப்படும்போது, எண்ணைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "ஒரு பகலும் ஓர் இரவும் அளந்து பார்க்கலாமா, ஐயா?" என்று மருத்துவரைப் பணிவோடு கேளுங்கள். அந்த ஒரு கேள்வி தேவையற்ற மருந்தினின்றும் காக்கலாம். எதிர்பாராத இழப்பினின்றும் காக்கலாம்.