வீட்டு மரத்தைத் துளைக்கும் கருவண்டு

மாட்டுக் கொட்டகையின் மூங்கிலிலோ, வீட்டு இறவாரத்து மரத்திலோ, தச்சர் துளையிட்டாற்போல விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. அதற்கு நேர் கீழே தரையில் மரத்தூள். இதைக் கண்டதும் கறையான் பிடித்துவிட்டது என்று மருந்துக் கடைக்கு ஓடுவோர் உண்டு. இது கறையான் வேலையன்று. கருவண்டு என்று கிராமங்களில் சொல்லப்படும் தச்சுத் தேனீயின் வேலை.

வண்டு என்று பெயர் இருந்தாலும் இது தேனீ இனத்தைச் சேர்ந்தது. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கும் இதற்கும் உறவில்லை. உடல் 2 முதல் 3 செ.மீ. நீளம் இருக்கும். வயிறு மயிரின்றிப் பளபளக்கும். சிறகுகள் வெயிலில் நீலமாக மின்னும். ஓர் இனத்தில் பெண்ணின் முதுகு மட்டும் மஞ்சள் மயிர் போர்த்தியிருக்க, ஆண் முழுவதும் பசுமஞ்சளாக இருக்கும். இரண்டும் வேறு வேறு பூச்சி என்றே பலர் எண்ணுகின்றனர்.

முகத்துக்கு நேராக வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது ஆண்தான். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆனால் கையில் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிக் கொட்டாது. கொட்டிய இடத்தில் குளிர்ந்த நீர்த்துணி வைத்தால் போதும். முகம் வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இது மரத்தைத் தின்பதில்லை. பெண் தேனீ மரத்தைக் கடித்துத் துப்பி உள்ளே சென்று, பிறகு நாரின் போக்கில் திரும்பிச் சுரங்கம் அமைக்கிறது. பூந்தூளையும் தேனையும் பிசைந்த உருண்டை மீது ஒரு முட்டை, பிறகு மரத்தூளால் ஒரு தடுப்பு, அடுத்த அறை என்று வரிசையாகக் கட்டுகிறது. உளுத்துப் போகும் மூங்கிலில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் இருக்கும். இதன் தூளோ சொரசொரப்பானது.

ஒன்றிரண்டு துளைகளால் உத்திரம் விழுந்துவிடாது. ஆனால் பழைய சுரங்கங்களையே அடுத்தடுத்த தலைமுறைகள் நீட்டிக்கொண்டு போவதால், பல ஆண்டுகள் கவனியாமல் விட்ட மரம் வலுவிழக்கும். குறிப்பாக மூங்கில் ஏணியில் துளை கண்டால் அதில் ஏறவே கூடாது.

அப்படியானால் கொன்றுவிடலாமே என்று தோன்றும். கத்தரிப் பூவின் மகரந்தப் பையில் நுனியில் மட்டுமே சிறு துளை உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து தூளை உதிர்க்கத் தச்சுத் தேனீக்குத் தெரியும். நம் அடுக்குத் தேனீக்குத் தெரியாது. பசுந்தாள் உரத்துக்கான சணப்பையை விதைக்காக விடுவோருக்கு இது இன்னும் முக்கியம். சணப்பைப் பூவை அழுத்தித் திறக்கப் பெரிய தேனீக்கள் வேண்டும்; அவை வராவிட்டால் காய்ப் பிடிப்பு குறையும். சில நீண்ட பூக்களின் அடியைக் கிழித்துத் தேனைத் திருடும் குணமும் இதற்கு உண்டுதான். கணக்குப் பார்த்தால் வரவே அதிகம்.

ஆகவே துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீ காட்டுவதும் வேண்டாம், கூரை பற்றிக்கொள்ளும். வயல் பூச்சிமருந்தை மாடு கட்டும் இடத்திலும் நெல் வைக்கும் இடத்திலும் தெளிப்பது தேனீயைவிட வீட்டாருக்கே கேடு. முன்பு தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. தூள் 1997-லேயே தடை செய்யப்பட்டது.

துளையின் வாயில் காகிதத் துண்டு ஒன்றைத் தளர்வாகச் செருகிச் சில நாள் பார்க்கவும். காகிதம் தள்ளப்பட்டிருந்தாலோ, மாலையில் மரத்தைத் தட்டும்போது ரீங்காரம் கேட்டாலோ உள்ளே குடியிருப்பு உண்டு, பொறுக்க வேண்டும். உள்ளே வைத்து அடைத்தால் வேறு பக்கம் துளைத்து வெளிவரும். காலியானபின் மர ஆப்பைப் பசை தடவி அடித்து, மேலே எண்ணெய்ப் பெயின்ட் பூசவும். வெறும் மண் நிற்காது. பெயின்ட் பூசாத, வெயிலில் காய்ந்த மென்மரத்தையே இது நாடுவதால், கதவு நிலைக்கும் சன்னலுக்கும் முன்கூட்டியே பூசிவைப்பது நலம்.

பாரம் தாங்கும் மூங்கில் சல்லடையாகிவிட்டால் காத்திராமல் மாற்றிவிட வேண்டும். கழற்றியதை அடுப்பில் வைக்காமல், கத்தரி அல்லது சணப்பை வயலின் ஓரத்தில் மழை படாத கொட்டகையின் கீழ்க் கட்டித் தொங்கவிடலாம். அதனுடன் ஒரு பக்கம் கணு அடைத்த காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றையும் சேர்த்துக் கட்டினால், வண்டுகள் அங்கேயே குடியேற இடம் கிடைக்கும்.