சாலையை வயலாக்கிய படை

பீரங்கி வண்டி வரப்பின் மேல் ஓடாது. சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷா, 1939 முதல் 1942 வரை மூன்று முறை ஜப்பானியப் படையெடுப்பைத் தாங்கி நின்றதில் இந்தச் சாதாரண உண்மைக்குப் பெரும் பங்குண்டு.

ஜப்பானியர் வடக்கே யூயாங் பகுதியில் இருந்தார்கள். அங்கிருந்து சாங்ஷாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்; வழியெங்கும் நெல்வயல்கள், குறுக்கே ஷின்ச்சியாங், மிலுவோ, லாவ்தாவ், லியூயாங் என்று நான்கு ஆறுகள். சீனத் தளபதி ஷுவே யுவே இந்த நிலத்தையே ஆயுதமாக்கினார். நெடுஞ்சாலைகளை வெட்டி வயலோடு வயலாக்கினார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். தானியத்தை அப்புறப்படுத்தினார்கள்.

இதன் பலன் வெறும் கணக்குதான். 75 மில்லிமீட்டர் மலைப்பீரங்கியின் ஒரு குண்டு சுமார் 6 கிலோ. லாரி ஓடினால் ஆயிரம் குண்டு பெரிய சுமையல்ல. சேற்றில், ஒற்றை வரிசையில், குதிரை முதுகிலும் ஆள் தோளிலும் போனால்? சுமப்பவனும் சாப்பிட வேண்டும், குதிரையும் தின்ன வேண்டும். தூரம் கூடக் கூட, சுமையில் ஒரு பங்கைச் சுமப்பவர்களே தின்றுவிடுகிறார்கள். முன்னேறுகிற படை, முன்னேறுவதாலேயே மெலிகிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியத் தளபதி அனாமி கொரேச்சிக்கா புறப்பட்டதன் நோக்கம், ஜப்பானியர் தாக்கிக்கொண்டிருந்த ஹாங்காங் பக்கம் சீனப் படை போகாமல் தடுப்பதுதான். ஹாங்காங் 25ஆம் தேதியே விழுந்துவிட்டது. அவரோ சாங்ஷாவையே பிடித்துவிடலாம் என்று, அதற்கான தளவாடம் இல்லாமலேயே தொடர்ந்து போனார். ஷுவே யுவேயின் படைகள் வழிவிட்டு இருபக்கமும் ஒதுங்கின. 1942 ஜனவரி 1 அன்று நகரத் தாக்குதல் தொடங்கியது. நகரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் சுமார் 300 மீட்டர் உயரமுள்ள யுவெலு மலை. அதிலிருந்த சீனப் பீரங்கிகளுக்கு நகரம் கைக்கெட்டும் இலக்கு. மூன்று, நான்கு நாளில் ஜப்பானியரிடம் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்கிய படைகள் பின்னால் வந்து சூழ்ந்தன. வந்த வழியே சண்டையிட்டபடி திரும்ப வேண்டியதாயிற்று.

எதிரிக்கு எதையும் விட்டுவைக்காதே என்ற இதே யோசனைக்குக் கொடூரமான முகமும் உண்டு. 1938 நவம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டதாகப் பதறி, சீனத் தரப்பே சாங்ஷாவுக்குத் தீ வைத்தது. நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. எதிரி அப்போது வரவே இல்லை.

1944இல் ஜப்பானியர் இன்னும் பெரிய படையோடு, அகன்ற முனையில் வந்தார்கள். பின்னாலேயே பொறியாளர் படை சாலைகளைச் செப்பனிட்டது. இம்முறை யுவெலு மலையையும் சேர்த்தே தாக்கினார்கள். ஜூன் 18 அன்று சாங்ஷா வீழ்ந்தது.