மறையும் மந்திரத்துக்கு வரம்பு எதற்கு?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சினாலேயே ஆடும் விளையாட்டு. ஆடுபவர்கள் போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ‘டன்ஜன் மாஸ்டர்’ எனப்படும் நடுவர் அந்தக் கற்பனை உலகையும் அதிலுள்ள எதிரிகளையும் நடத்துகிறார். ஒரு முயற்சி பலிக்குமா என்ற ஐயம் எழும்போது 20 முகப் பகடை உருள்கிறது. விதிநூலின் வாக்கியங்களே இந்த ஆட்டத்தை இயக்கும் பொறி. அந்தப் பொறியின் நுட்பத்தை அறிய, ஒருவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் ‘இன்விசிபிலிட்டி’ மந்திரத்தைப் பிரித்துப் பார்த்தாலே போதும். வரம்பில்லாத ஆற்றல் ஆட்டத்தைக் கொன்றுவிடும், வரம்புதான் ஆற்றலுக்குச் சுவை தருகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி இது மாயத்தோற்ற வகையைச் சேர்ந்த 2ஆம் படி மந்திரம். மரப்பிசினுக்குள் பொதிந்த இமைமயிர் ஒன்றை வைத்துக்கொண்டு, சொல்லும் சைகையுமாக மந்திரவாதி ஒருவரைத் தொட வேண்டும். தொடப்பட்டவரும், அவர் உடுத்தியிருப்பவையும் சுமப்பவையும் மறைந்துவிடும். அதிகபட்சம் ஒரு மணி நேரம் இது நீடிக்கும். அதற்குள் அவர் யாரையாவது தாக்கினாலோ, மந்திரம் ஏதேனும் ஏவினாலோ மறைவு கலைந்துவிடும். ஏவியவருக்கும் ஒரு கட்டு உண்டு: மனத்தை அதிலேயே குவித்திருக்க வேண்டும், மனக்குவிப்பு தேவைப்படும் வேறு மந்திரத்தை அதே நேரத்தில் தாங்க முடியாது. அவருக்கு அடி விழுந்தால், பகடை உருட்டித் தாக்குப்பிடிக்க வேண்டும். தவறினால், எங்கோ கோட்டைக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் திருடன் சட்டென்று காவலர் கண்ணில் படுவான். ஒருவரின் பாதுகாப்பு இன்னொருவரின் உடல் உறுதியில் தொங்குவதால், திருடனை அனுப்பிவிட்டு மந்திரவாதியைக் காப்பது குழு முழுவதற்கும் வேலையாகிறது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, இருக்குமிடம் தெரியாமல் இருப்பது வேறு. காலடி ஓசையும் மண்ணில் பதியும் தடமும் மறைந்தவரைக் காட்டிக்கொடுக்கும். இருக்குமிடமும் தெரியக் கூடாதென்றால், அவர் தனியாக ஒளிந்துகொள்ள முயன்று, எதிரியின் கூர்மையை வெல்ல வேண்டும். இடம் தெரிந்துவிட்டால் எதிரி வாள் வீசலாம், ஆனால் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய அடி, சாதாரணமாக 50 சதவீதம் பலிக்கும். மறைந்தவர் மீது அது 25 சதவீதமாகச் சரிகிறது. அவர் தாக்கும்போதோ இரண்டில் பெரிய எண்ணை எடுப்பதால் 75 சதவீதமாக உயர்கிறது. அந்த ஒரு அடியோடு மறைவும் போய்விடும். எனவே வாளை ஓங்குவதா, ஒரு மணி நேரமும் ஒளிந்து உளவு பார்ப்பதா என்ற கேள்வி அவர் முன் நிற்கிறது. அடித்தாலும் கலையாத ‘கிரேட்டர் இன்விசிபிலிட்டி’ மந்திரமும் உண்டு. ஆனால் அது 4ஆம் படி, ஒரு நிமிடமே நிற்கும். ஆற்றல் கூடும்போது காலம் சுருங்குகிறது.

மந்திரத்துக்கு எதற்கு இத்தனை சட்டம், கற்பனைக்கு விலங்கு பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இதே மந்திரம் எதிரியின் கையிலும் இருக்கிறது. பார்க்க முடியாத பகைவன் தண்டனையே இல்லாமல் ஓயாது தாக்கினால் ஆடுபவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. நடுவர் அவ்வப்போது தம் விருப்பப்படி தீர்ப்புச் சொன்னால், திட்டம் போட அடிப்படையே இருக்காது. ஒளியை முற்றிலும் ஊடுருவ விடும் உடலில் விழித்திரையிலும் ஒளி தங்காது, ஆகவே மறைந்தவர் குருடராகத்தானே இருக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. இயற்பியலாக அது சரியான வாதம். ஆனால் விதி, உடல் எப்படி ஒளி ஊடுருவும் பொருளானது என்று விளக்க முற்படவில்லை. யாருக்கு என்ன தெரியும், அதனால் பகடை எப்படி மாறும் என்பதை மட்டுமே சொல்கிறது. மேசையில் முடிவெடுக்க அதுவே போதும்.

வலுவான மறுப்பு, விதியிலேயே ஓட்டை இருந்தது என்பது. 2014 நூலில் தாக்குதல் என்றால் தாக்குவதற்காகப் பகடை உருட்டுவது. டிராகன் வம்சத்துப் பாத்திரம் வாயால் நெருப்பு உமிழ்ந்தால் அந்தப் பகடை உருள்வதில்லை. அது மந்திரமும் அன்று. ஆகவே எழுத்தின்படி பத்துப் பேரைப் பொசுக்கியும் மறைந்தே இருக்கலாம். மறைந்தவரைப் பார்க்கும் சக்தி பெற்றவருக்கு எதிராகக்கூட மறைவின் சாதகம் குறையாது என்ற விபரீதமும் அந்த எழுத்தில் இருந்தது. 2024இல் வந்த திருத்தம் இரண்டையும் அடைத்தது: சேதம் விளைவித்தாலே மந்திரம் முடியும், பார்க்க முடிந்தவரிடம் சாதகம் செல்லாது. ஓட்டையை அடைத்ததால் மந்திரம் மெலியவில்லை, நம்பத்தக்கதாயிற்று. நீங்கள் இந்த ஆட்டத்தில் அமர நேர்ந்தால், மந்திரம் என்ன தருகிறது என்பதோடு எப்போது முடிகிறது என்ற வரியையும் படித்துவிடுங்கள். உங்கள் சாமர்த்தியத்துக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.