ஒன்றை வளர்க்கிறார்கள், ஒன்றைக் கொல்கிறார்கள்

ஜூன் மாத முதல் மழை மத்தியப் பிரதேசத்தை நனைத்ததும் இரண்டு வண்டுகள் வெளியே வருகின்றன. ஒன்று சால் மரத்துக்குள்ளிருந்து, மற்றது மண்ணுக்கடியிலிருந்து. முதல் வண்டு தலைதூக்கும் ஆண்டுகளில் வனத்துறை அதை ஆள் வைத்துக் கொல்கிறது. இரண்டாவதை அரசு நிறுவனமே வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஆராயும் நிறுவனங்கள் இருப்பது ஒரே ஊரில்: ஜபல்பூர்.

சால் துளைப்பான் உள்ளூர் வண்டு. பழுப்பு நிறம், நீண்ட மீசை. 6 செ.மீ. வரைகூட வளரும். பட்டை இடுக்கில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, மரத்தின் வைரம்வரை குடைந்துகொண்டு போகிறது. அடியில் குவியும் மரத்தூள்தான் தடயம். வழக்கமாக நலிந்த மரங்களோடு நின்றுவிடும். பெருகினால் நல்ல மரத்தையும் விடாது. 1923-28ல் மண்டலா வட்டாரத்தில் சுமார் 70 லட்சம் மரங்கள் பாதிக்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் மீண்டும் படையெடுப்பு. லட்சக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; வெட்டும் விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. சால் இலையில் தொன்னை தைத்தும் விதை பொறுக்கியும் பிழைக்கும் பைகா, கோண்டு மக்களுக்கு அது வயிற்றில் விழுந்த அடி.

இதன் பலவீனம் சால் சாறு. புதிதாக வெட்டிய கட்டையின் பட்டையை நைத்து வைத்தால், மோப்பம் பிடித்து வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். கிராமத்தினர் பொறுக்கி எடுத்து, எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள்.

மெக்சிகோ வண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. வெளிர் முதுகில் பழுப்புக் கோடுகள். இது தின்பது பார்த்தீனியம் இலையை. 1955ல் புனேயில் கண்ணில் பட்ட இந்தக் களை இன்று நாடெங்கும் பரவி, தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தருகிறது. 1984ல் பெங்களூரில் வண்டுகளை விட்டார்கள். சில ஆண்டுகளில், சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் கிளம்ப, அரசு தடை போட்டது. சூரியகாந்தி இலையில் படிந்த பார்த்தீனிய மகரந்தமே வண்டை இழுத்தது என்று ஆய்வில் தெரிந்தது. பிறகு தடை நீங்கியது.

ஆனால் மெக்சிகோ வண்டு மழைக்கால ஊழியன். கோடையில் பாசன நிலத்தில் களை தழைக்கும்போது அது மண்ணுக்குள் உறங்குகிறது. அப்போது பூக்கும் முன்பே, கையுறை போட்டு, மனிதர்தான் பிடுங்க வேண்டும். சால் காட்டிலும் இதே நிலைதான்: நலிந்த மரங்களையும் விழுந்த கட்டைகளையும் மழைக்கு முன்பே அகற்றாவிட்டால், வண்டு பிடிக்க எத்தனை பேர் வந்தாலும் போதாது.