மண்டைக்குள் ஒரு ஊர் – 9: ஆடாம, அசையாம

இந்தியப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பற்றிய சி-வேதா ஆய்வைப் போன வாரம் பார்த்தோம். 6 முதல் 23 வயது வரை, ஏழு மையங்கள், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அதில் மூளை ஸ்கேனுக்குச் சுமார் ஆயிரம் பேர். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் சம்மதக் கடிதம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடம் மிஞ்சினால் எழுதுகிறேன்.

மிஞ்சாது. 2012-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

எம்ஆர்ஐயில் ஒரு வகை, மூளையில் ரத்த ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதைச் சில வினாடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே போகும். எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவோ, அவை தொடர்பில் இருப்பதாகக் கணக்கு. இப்படிப் பார்த்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அழகான ஒரு முடிவுக்கு வந்திருந்தது: சின்ன வயதில் மூளையின் அக்கம்பக்கப் பகுதிகள்தான் நெருக்கம், வயது ஏற ஏறத் தூரத்துப் பகுதிகள் சேர்ந்துகொள்கின்றன. கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா?

2012-ல் அதே பல்கலைக்கழகக் குழுவே அதில் கை வைத்தது. தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசைய வேண்டாம், அதற்கும் குறைவாக அசைந்தாலே பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு கூடுதலாகவும் தூரத்துத் தொடர்பு குறைவாகவும் தெரியும் என்று காட்டினார்கள். அசைவது யார்? பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான். ஆக, ‘வளரும் மூளை’ என்று பார்த்ததில் ஒரு பங்கு, சும்மா படுத்திருக்க முடியாத பையனின் நெளிசல்! கல்யாண குரூப் போட்டோவில் ஒருத்தர் தலையைத் திருப்பினால் அவர் முகம் மட்டும் மங்கும், பார்த்ததுமே தெரியும். இங்கே படம் சுத்தமாக இருக்கும், செய்தி தப்பாக இருக்கும். பென்சில்வேனியாவிலும் ஹார்வர்டிலும் அதே ஆண்டு இதையே சொன்னார்கள். அசைவைக் கழித்த பிறகும் வயதுக்கேற்ற மாற்றம் இருக்கத்தான் செய்தது, அளவுதான் சுருங்கியது. தங்கள் முடிவைத் தாங்களே போட்டு உடைத்த அந்தக் குழுவுக்கு ஒரு சபாஷ்.

திண்டுக்கல்லில் தெரிந்த ஸ்கேன் டெக்னீசியன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “இதுக்கு அமெரிக்கா போகணுமாண்ணே?” என்றார். வலிப்பு என்று வரும் குழந்தைகளை மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் உள்ளே அனுப்புகிறார்களாம். ஆய்வில் அந்த வழி கிடையாது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு ஆய்வுக்காக மயக்க மருந்து கொடுப்பது முறையல்ல. அதனால் பல ஆய்வு மையங்களில் காந்தமே இல்லாத பொம்மை எம்ஆர்ஐ ஒன்று வைத்திருக்கிறார்கள். அதே குழாய், பதிவுசெய்த அதே ‘டகடக’ சத்தம். உள்ளே சினிமா ஓடும். தலை அசைந்தால் படம் நின்றுவிடும். பிள்ளை தானே கற்றுக்கொள்கிறது.

நிஜ இயந்திரத்துக்குள் போகும்முன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். கொலுசு, மூக்குத்தி, வெள்ளி அரைஞாண், தாயத்து. தாயத்தில்தான் தகராறு வருமாம். பாட்டி கட்டியதை அம்மா அவிழ்க்க மாட்டார், டெக்னீசியன் விடமாட்டார். நம்ம திண்டுக்கல் பிள்ளை என்றால் சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர் ஆயிற்றே! சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். மலைக்கு மேலே கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறாண்டுக்கு முன்பே பூமியின் காந்தப்புலத்தை அளந்திருக்கிறார்கள். அதைப்போல எழுபதாயிரம் மடங்குக்கு மேல், 3 டெஸ்லா வலுவுள்ள ஓர் எம்ஆர்ஐயின் காந்தம். ஸ்விட்சை அணைத்தால் போய்விடும் காந்தமும் அல்ல அது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் போன ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. கதிரியக்கம் கிடையாது, ஊசி வேண்டியதில்லை என்று பெற்றோரிடம் சொல்வது உண்மைதான்; அந்த அறை விளையாட்டு இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சி-வேதாவின் ஏழு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. பெங்களூரில் இரண்டு, மைசூரு, ஆந்திராவின் ரிஷி வேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால். ரிஷி வேலி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் சேர முடிந்தது என்றால் நத்தத்துப் பிள்ளைகளும் வேடசந்தூர்ப் பிள்ளைகளும் ஏன் சேரக்கூடாது என்ற கேள்வி எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆசைப்பட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உதவி ஆசிரியர் இரண்டாம் முறை போன் செய்துவிட்டார். சம்மதக் கடிதம் அடுத்த வாரம். அதற்குள் இதை யோசித்து வையுங்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, 7 வயதிலிருந்து பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12-க்கு மேல் எழுத்திலும் இசைவு கேட்க வேண்டும். அப்பா சரி என்கிறார், ஏழாம் வகுப்பு மகள் மாட்டேன் என்கிறாள். யார் பேச்சு எடுபடும்?

(தொடரும்)