ஒரு கணனியில் இரு கணக்குகள்

பாடசாலை அலுவலகமொன்றில் இருப்பது ஒரே கணனி. பாடசாலையின் உத்தியோக மின்னஞ்சல் அதிலேதான் திறக்கப்படுகிறது. லிகிதரின் சொந்த மின்னஞ்சலும் அதிலேதான். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய மாணவர் விபரம் ஒருநாள் லிகிதரின் சொந்த முகவரியிலிருந்து போய்விடுகிறது. மறுமொழியும் அம்முகவரிக்கே வருகிறது. அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அக்கடிதங்களும் அவருடனேயே சென்றுவிடுகின்றன. இத்தகைய பிழை கவனக்குறைவினால் மாத்திரம் நேர்வதன்று. இணையம் ஆளை அடையாளங் காணும் முறையை அறியாமையும் அதற்குக் காரணமாகும்.

இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. சற்று முன் ஒரு பக்கத்தைக் கேட்டவரே இப்போது மறு பக்கத்தையும் கேட்கிறார் என்பதை அது தானாக அறியமாட்டாது. வைத்தியசாலையில் நோயாளிக்கு இலக்கத் துண்டு கொடுப்பதுபோல, வந்தவருக்கு ஒரு துண்டைக் கொடுத்து, அடுத்த முறை அதனைக் காட்டச் செய்யும் ஏற்பாட்டை 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி என்பவர் வகுத்தார். 'குக்கி' எனப்படுவது இத்துண்டே. உலாவி இவற்றையெல்லாம் ஒரே பையில் போட்டு வைக்கிறது. அதே தளத்தில் இன்னொருவர் தம் பெயரால் நுழைந்தால், பெரும்பாலும் பழைய துண்டின் இடத்தைப் புதிய துண்டு பிடித்துக்கொள்ளும். கூகுள் போன்ற சில தளங்கள் பல கணக்குகளை ஒருங்கே திறக்க இடமளிக்கின்றன. ஆயினும் இவ்வேளையில் முன்னிற்பது எந்தக் கணக்கு என்பதிலேதான் தடுமாற்றம் பிறக்கிறது.

மறைவுச் சாளரம் எனப்படுவது வெறுமையான இரண்டாவது பையாகும். அப்பிளின் சபாரி உலாவியில் 2005 இலும், கூகுளின் குரோமில் 2008 இலும் இவ்வசதி வந்தது. சாதாரண சாளரத்தின் துண்டுகள் இதனுள் வருவதில்லை. ஆதலால் சாதாரண சாளரத்தில் பாடசாலைக் கணக்கும், மறைவுச் சாளரத்தில் சொந்தக் கணக்கும் ஒரே வேளையில் கலவாமல் இயங்கலாம்.

இங்கே பலர் ஏமாறுவதுண்டு. இன்னொரு மறைவுச் சாளரத்தைத் திறந்தால் மூன்றாவது பை கிடைக்கும் என எண்ணுகின்றனர். குரோமிலும் பயர்பொக்ஸிலும் அவ்வாறன்று. மறைவுச் சாளரங்கள் எத்தனை திறந்தாலும் அவையனைத்துக்கும் பை ஒன்றே. அன்றியும், அவற்றுள் இறுதியானதும் மூடப்பட்ட பின்னரே அப்பை அழியும். ஒன்றைத் திரையின் அடியிலே ஒதுக்கிவைத்து மறந்து எழுந்து போனால், அடுத்து வந்து அமர்பவர் கடவுச்சொல் இன்றியே அக்கடிதங்களைப் படித்துவிடலாம்.

நாள்தோறும் இரு கணக்குகளைக் கையாள்பவர்க்கு மறைவுச் சாளரம் உகந்ததன்று. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை இட்டு அலுத்துப்போவர். குரோமில் ஆளுக்கொரு சுயவிவரம் அமைத்துக்கொள்வதே நன்று. மொசில்லா நிறுவனம் 2017 இல் பயர்பொக்ஸுக்கு வெளியிட்ட கொள்கலங்களும் இப்பணியைச் செவ்வனே செய்யும். மறைவுச் சாளரம், எப்போதாவது வந்து ஐந்து நிமிடம் கணனியைக் கேட்கும் விருந்தினருக்கே பொருத்தமானது.

'மறைவு' என்ற பெயரும் அளவுக்கு மிஞ்சியதே. எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பதை இணைய இணைப்பை வழங்கும் நிறுவனமும், அலுவலக வலையமைப்பை நடத்துவோரும் அறியக்கூடும். சென்ற தளமும் வந்தவரைக் கவனிக்கலாம். இதுபற்றிக் கலிபோர்னியாவில் 2020 இல் கூகுள் மீது வழக்குத் தொடரப்பட்டது. திரட்டிய பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024 இல் இணங்கியது.

அலுவலகங்களில் இவற்றினும் அதிகம் மறக்கப்படுவது பிறிதொன்று. மறைவுச் சாளரத்தின் வழியாக இறக்கிய கோப்பு, சாளரம் மூடப்பட்டாலும் கணனியிலேயே தங்கிவிடும். புள்ளிப்பட்டியலையோ சம்பளச் சீட்டையோ இறக்கியவர், கோப்புறையிலிருந்து அதனை நீக்கிய பின் குப்பைக் கூடையையும் வெறுமையாக்கிவிட்டே எழுந்திருத்தல் வேண்டும்.