ஐந்தருவிச் சாரலில் கணிப்பொறித் தொழில்

ஆனி பிறந்ததும் குற்றால மலையில் சாரல் தொடங்குகிறது. உச்சியிலிருந்து இறங்கும் நீர் ஐந்தருவியில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து வீழ்ந்து, சிற்றாற்றோடு சேர்ந்து, கிழக்கே ஓடிச் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரவருணியில் கலக்கிறது. அந்நீர் வீணே கடலுக்குப் போய்விடலாகாது என்று கருதி, நம் முன்னோர் வழிநெடுக அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களும் அமைத்து வைத்தார்கள். நீரைத் தேக்கும் வித்தையில் இவ்வளவு கைதேர்ந்திருந்த இச்சீமையார், தம் மக்களைத் தேக்கும் வித்தையை மட்டும் வெகு காலம் கற்காதிருந்தனர்.

இது மிகைப்பட்ட கூற்றன்று. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான தென்காசிப் பிரதேசத்தில் வயலும் தோட்டமும் உண்டு. பாவூர்ச்சத்திரத்தில் காய்கறிச் சந்தையும், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரமும், சங்கரன்கோயிலில் நெசவும், எங்கும் பெண்மக்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுற்றும் பீடித் தொழிலும் உண்டு. ஆனால் படித்த வாலிபனுக்கேற்ற உத்தியோகம் மட்டும் அருமையாகவே இருந்து வந்தது. பட்டம் பெற்றவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டியேறினான். சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குப் போயினர். அவர்கள் அனுப்பிய பணம் ஊருக்கு வந்தது, அவர்கள் வரவில்லை.

இந்நிலையில், ஐந்தருவிக்குச் சில மைல் தொலைவிலுள்ள மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் நடந்துவரும் ஒரு காரியம் தேசாபிமானிகள் அனைவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கிராமக் குடும்பத்தில் 1968-இல் பிறந்த ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1996-இல் தம் உடன்பிறந்தாரோடும் நண்பரோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்னும் மென்பொருள் கம்பெனியைத் தோற்றுவித்தார். அதுவே 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறியது. பங்குச் சந்தைக்குப் போகாமலும், வெளியார் மூலதனத்தை நாடாமலும் வளர்ந்த கம்பெனி அது. 2011-இல் அது தென்காசியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. 2019-இல் ஸ்ரீ வேம்பு தாமே அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறைக்கு வந்து குடியேறினார். 2021-இல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. வாடிக்கைக்காரரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென உலகெங்குமுள்ள வியாபார ஸ்தாபனங்கள் பயன்படுத்தும் ஸோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள், இந்தத் தென்காசி அலுவலகத்தில் உருவானதேயாகும்.

அலுவலகத்தைக் காட்டிலும் முக்கியமானது அந்தக் கம்பெனி நடத்தும் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், எதிரிடையாக மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் கொடுத்து, கணிதம், ஆங்கிலம், கணிப்பொறி நிரல் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கிறார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு சில மாணாக்கரோடு தொடங்கிய இம்முறை பின்னர்த் தென்காசிக்கும் வந்தது. பட்டம் இல்லாதவனுக்கு மூளை இல்லை என்று எண்ணும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அவ்வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டுவதில்லை.

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவைப் பாருங்கள். 1963-இல் ஆங்கில ஆட்சியினின்று விடுபட்ட அந்நாட்டிலும் கிராமத்துப் பிள்ளை படித்ததும் நைரோபிக்குப் போகிறான். அங்கே 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சபாரிகாம் கம்பெனி எம்-பெசா என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நைரோபியில் உழைப்பவன் தன் சாதாரணக் கைபேசியின் வாயிலாகவே ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்பலாம். தாய் பக்கத்துக் கடையில் அதை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். பாங்கிக் கணக்கு வேண்டுவதில்லை. சுவாஹிலி மொழியில் 'பெசா' என்றால் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல் அது. மறு ஆண்டு, தேர்தலை ஒட்டி அந்நாட்டில் கலவரம் மூண்டபோது, எங்கெங்கே என்ன கொடுமை நடந்தது என்பதை ஜனங்களே தெரிவித்துத் தேசப்படத்தில் குறிக்கும் 'உஷாஹிதி' என்னும் மென்பொருளைச் சிலர் சமைத்தனர். சாட்சியம் என்பது அச்சொல்லின் பொருள். அதற்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஓரி ஒக்கோல்லோ என்னும் மாது சட்டம் படித்தவர் என்பது நம் போன்ற வக்கீல்கள் மகிழ்ச்சியோடு குறிக்கத்தக்கது. அவர்களோடு சேர்ந்தவர்களே பின்னர், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களுக்கு ஏற்றவாறு, பாட்டரியில் ஓடும் இணையக் கருவியொன்றையும் ஆக்கினார்கள்.

இவற்றால் விளங்குவது யாது? குறையை அனுபவித்தவனே அக்குறைக்கு ஏற்ற கருவியைக் காண வல்லவன். மின்சாரம் நில்லாத நகரத்தில் பிறந்தவனுக்குப் பாட்டரியின் நினைவு வராது. எனினும் எம்-பெசாவில் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. பிள்ளை ஊரை விட்டுப் போனதாலேயே அந்த ஏற்பாட்டுக்கு அவ்வளவு அவசியம் நேர்ந்தது. அது பணத்தை ஊருக்குக் கொண்டுவருகிறது, பிள்ளையை அன்று. மத்தளம்பாறையில் செய்யப்படும் முயற்சியோ, பிள்ளையே ஊரில் இருந்துகொண்டு, உலகத்தின் பணத்தை ஊருக்கு வரவழைக்கும் முயற்சி. இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் பெரிது. சம்பளம் ஊரில் செலவானால் கடைக்காரனும் தச்சனும் கொத்தனும் பிழைப்பார்கள். முதியோர் தனித்து விடப்படமாட்டார்கள். பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அவளை வேலைக்கு அனுப்ப இசைவார்கள்.

இனி, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைப்பது நியாயமன்றாதலால், மறுதரப்பின் ஆக்ஷேபங்களையும் விசாரிப்போம். முதலாவது, ஒரே கம்பெனியை நம்பி ஒரு ஜில்லா பிழைக்கலாகுமா? இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. இச்சீமையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1906-இல் வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கண்டார். ஆங்கிலக் கம்பெனியின் கட்டணப் போட்டியும் சர்க்காரின் அடக்குமுறையும் அதை நெருக்கின. 1908-இல் அவர் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அம்மகானுடைய தியாகம் அழியாதது. ஆயினும் ஒரு தோளின்மேல் ஏற்றிய பாரம், அத்தோள் விலங்கிடப்பட்டதும் சரிந்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஸ்ரீ வேம்பு 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகப் பதவியைப் பிறரிடம் ஒப்புவித்து, ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். ஸ்தாபனம் ஒருவரையே சார்ந்திராதபடி செய்வதற்கு இது நல்லதே. ஆனால் ஊரும் ஒரே ஸ்தாபனத்தைச் சார்ந்திராதபடி செய்வது ஊராரின் வேலை.

இரண்டாவது, ஒரு கம்பெனி தன் தேவைக்கென அளிக்கும் பயிற்சி வேறிடத்தில் செல்லுமா? நாளை வேலையை விட்டு விலகும் வாலிபன், பட்டமும் இன்றி, நடுத்தெருவில் நிற்கமாட்டானா? இதற்குப் பரிகாரம் பள்ளியை மூடுவதன்று. அத்தகைய பயிற்சியைச் சர்வகலாசாலைகள் பரீட்சித்து அங்கீகரிக்க வழி செய்ய வேண்டும். சர்க்கார் உத்தியோகங்களுக்கும் அது ஒரு தகுதியாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டும்.

மூன்றாவது, பெரிய கட்டிடங்கள் எழும்பினால் நிலத்தின் விலை ஏறும், நஞ்செய் சுருங்கும், கிணறு வற்றும் என்பர். குளத்தை மூடிக் கட்டிய நகரங்கள் மழைக்காலத்தில் படும் பாட்டைச் சென்னையில் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டோம். தென்காசியில் அக்கதி நேராதிருக்கப் பஞ்சாயத்துகள் இன்றே விழிப்போடிருத்தல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இன்னொரு தனவந்தர் வந்து சேரும்வரை காத்திருப்பதன்று. கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்தை இந்திய சர்க்கார் 2011-இல் அங்கீகரித்தது. பாரத்நெட் என்பது அதன் இன்றைய பெயர். கம்பி பஞ்சாயத்துக் கட்டிடம் வரை வந்தால் போதாது. பள்ளிக்கும் வாசகசாலைக்கும் வர வேண்டும். குற்றாலத்தில் 1964 முதல் நடைபெறும் ஸ்ரீ பராசக்தி பெண்கள் கல்லூரியும், சுரண்டையிலுள்ள காமராஜர் அரசுக் கல்லூரியும் பட்டம் அளிப்பதோடு நில்லாமல், தொழில் கற்கும் பட்டறைகளாகவும் ஆக வேண்டும். பத்து வாலிபர் கூடிக் கூட்டுறவு முறையில் ஒரு சிறு கம்பெனி தொடங்கினால், கடன் கொடுக்கும் பாங்கி உள்ளூரில் இருக்க வேண்டும். எலுமிச்சை வியாபாரிக்கும் நெசவாளிக்கும் பயன்படும் மென்பொருளைத் தமிழிலேயே அவர்கள் ஆக்கட்டும். முதல் வாடிக்கைக்காரர் அடுத்த தெருவிலேயே கிடைப்பார்.

தேசத்தொண்டர்களாகிய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டங்களில் கிராம நிர்மாணத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. அடுத்த முறை குற்றாலத்துக்கு நீராடப் போகிறவர்கள், ஐந்தருவியில் தலை நனைத்த பின் ஒரு நாழிகை ஒதுக்கி, சுற்றியுள்ள கிராமத்துப் பள்ளிகளுள் ஒன்றை எட்டிப் பார்க்கட்டும். அங்கே கணிப்பொறி உண்டா, உண்டெனில் அது ஓடுகிறதா, கற்பிக்க ஆள் உண்டா என்று விசாரித்து, இல்லையெனில் ஜில்லா அதிகாரிகளுக்கு எழுதட்டும். பதில் வரும்வரை விடாது எழுதட்டும். ஊரில் பிறந்தவன் ஊரில் வாழ்வது அபூர்வச் செய்தியாக இல்லாமல் வழக்கமாகும் வரையில் இவ்வேலை முடிந்ததாகாது.